வலது கண் வளையம்

சாலைத்தெரு கண்ணாடிக்கடையில் ஒன்பது வருடம்.
அச்சு, உருளை, இரு கண்மணிக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர்,
எல்லாம் தெரிந்த எனக்கே
கத்தாரிலிருந்து திரும்பிய ஹபீபு விற்ற
எட்டுக்கு நாற்பத்திரண்டு பைனாகுலரில்
பூஞ்சை இருப்பது
பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது.
இடது குழலின் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி.
நாலாயிரத்து இருநூறு ரூபாய்.
செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் பொறுக்கிய
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு
இரண்டு வாரம் மூடி வைத்தேன்.
பூஞ்சை போகவில்லை, வளராமல் நின்றது.
இதுவே அதிகம் என்று கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

நேற்றிரவு கடை வைஃபையில்
பறவைச் செயலியின் தென்னிந்தியப் பொதியை இறக்கினேன்.
"என்ன லூர்து, சீரியலா?" என்றார் முதலாளி.
"ஆமா அண்ணாச்சி. நானூறு எபிசோடு."

தை மாத ஞாயிறு. பூசைக்குப் போகவில்லை.
தனுஷ்கோடிச் சாலையில், கோதண்டராமர் கோவில் பக்கம்,
மணலில் ஸ்டாண்டு புதையாமல்
ஒரு ஓட்டுச்சில்லை அடியில் கொடுத்து ஸ்கூட்டியை நிறுத்தினேன்.
குரல் கேட்டுப் பெயர் சொல்லும் செயலியிடம்
கைபேசியை நீட்டினால்
அது வாடைக்காற்றைக் கேட்டது,
பொறுமையாக, முழுக்கக் கேட்டுவிட்டு
பறவை எதுவும் இல்லை என்றது.
எதிரே முந்நூறு நின்றன.

பூநாரைகளை எல்லோரும் பார்த்துவிடுவார்கள், பஸ் ஜன்னலிலிருந்தே.
நான் வந்தது சேற்று விளிம்பில்
அலகை முழங்கால் வரை இறக்கித் துழாவும் ஒன்றுக்கு:
குதிரைமலைக் கோட்டான்.
குதிரைமலை அக்கரையில் இருக்கிறதாம்.
அக்கரையின் பெயரைச் சுமந்துகொண்டு இக்கரையில் நண்டு தேடுகிறது
என்று நினைத்த நேரத்தில்
கைபேசி அதிர்ந்தது:
இலங்கைக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்.

பின்னால் பைக் நின்றது.
கடலோரக் காவல். பெயர்ப்பட்டையில் பூமிநாதன்.
"இதை வச்சு எந்தப் படகைப் பாக்குற?"
ஆதாரைக் காட்டினேன், பட்டியலைக் காட்டினேன்:
கல்திருப்பி உள்ளான் பதினாலு, பெரிய கொண்டை ஆலா ஆறு.
"இதென்ன, கோடு வேர்டா?"
பதில் சொல்வதைவிட
வாரைக் கழற்றிக் கொடுப்பது சுலபமாக இருந்தது.

"மங்கலா இருக்கு. ஓட்டைப் பொருள்."
நடுச் சக்கரத்தை உருட்டச் சொன்னேன். இடது கண்ணுக்குத் தெளிந்தது.
வலது குழலில், கண் வைக்கும் இடத்துக்குக் கீழே
ஒரு வளையம் உண்டு.
வாங்கிய நாளிலிருந்து பலர் அதைத் தொடுவதே இல்லை.
நான் திருப்பினேன். ஒரு கோடு. இன்னொன்று.
இன்னும் கொஞ்சம்.
"அட" என்றார்.
"மூக்கு வளைஞ்சிருக்கு."

வளையம் எங்கே நின்றதென்று குனிந்து பார்த்தேன்,
தொழில் புத்தி.
"சார், வலது கண்ணுல மைனஸ் ரெண்டு கிட்ட இருக்கும்.
எப்பவாவது செக் பண்ணிருக்கீங்களா?"

அவர் வெறும் கண்ணால் கடலைப் பார்த்தார்.
தூரத்தில் ஒரு படகு இருந்தது,
எனக்குத் தெரிந்தது.
"ஸ்டேஷன்ல யார்கிட்டயும் சொல்லிராதீங்க."
பேச்சில் 'ங்க' வந்திருந்தது.
கடை அட்டையின் பின்புறம் எழுதினேன்:
வலது மட்டும். பரிசோதனை இலவசம்.

அதற்குள் அவர் எண்ணத் தொடங்கியிருந்தார்.
"பதினொண்ணு."
நான் பத்து என்று குறித்திருந்தேன்.
பூஞ்சை எதையும் மறைக்காது,
வெளிச்சத்தில் கொஞ்சம் பால் கலக்கும், அவ்வளவுதான்.
ஆனாலும் வாங்கி மறுபடி எண்ணினேன்.
ஒற்றைக்காலில் உறங்கிய ஒன்றின் பின்னால்
இன்னொன்று.

மண்டபம் தாண்டி நம்மூர் சிக்னல் வந்ததும் பட்டியலை அனுப்பினேன்.
நடந்த தூரம் கேட்டது. ஒன்றரை கிலோமீட்டர்.
பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டது.
இரண்டு.

இன்று புதன். அவர் இன்னும் கடைக்கு வரவில்லை.
காலையில் மொட்டைமாடியில் ஒரு பருந்தைப் பார்த்தேன்,
வலது பக்கம் கலங்கலாக.
வளையத்தை இன்னும்
என் கண்ணுக்குத் திருப்பவில்லை.